தடுத்தவர்: கோமதிநாயகம்

செப்டம்பர் 2, 2191. காலை 06:10

அஞ்சல் நிலையம் ஏழு. வியாழன் சுற்றுவட்டம். பொறுப்பாளர் சு. கோமதிநாயகம், வயது 51. உடன் யாரும் இல்லை.

காற்று சரி. மின்கலன் சரி. பூமியைப் பார்க்கும் ஆண்டெனா சரி. காபித்தூள் தீர்ந்து நான்கு நாளாகிறது.

இந்தப் பதிவேட்டைக் காகிதத்தில் கையால் எழுத வேண்டும் என்பது விதி. மின்சாரம் செத்த பிறகும் வருகிறவர் படிக்க வேண்டுமாம். யார் வரப்போகிறார்கள் என்று விதி எழுதியவர் சொல்லவில்லை. வருகிற புண்ணியவானுக்கு வணக்கம்.

நேற்று வந்த மின்னஞ்சல் 41,306. உள்ளே விட்டது 2,316. மற்றதெல்லாம் குப்பை. செங்கல்பட்டுக்கு மிக அருகில் மனை விற்பனை (இங்கிருந்து பார்த்தால் எல்லாமே செங்கல்பட்டுக்கு அருகில்தான்). வழுக்கைக்கு எண்ணெய். பதினொரு பேருக்கு அனுப்பாவிட்டால் குடும்பம் விளங்காது என்று சாபமிடும் சாமி படம். மனிதன் வியாழன் வரைக்கும் வந்துவிட்டான், இவற்றையும் சுமந்துகொண்டு.

என் முறை எளிது. நான் கடிதத்தைப் பிரித்துப் படிப்பதில்லை. எங்கிருந்து வருகிறது என்று மட்டும் பார்ப்பேன். அந்த முகவரி கறுப்புப் பட்டியலில் இருந்தால் வாசலோடு திருப்பிவிடுவேன். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்பது என் கவலை இல்லை. பட்டியலில் நான் ஒரு பெயரைச் சேர்த்தால் அது பூமித் தலைமையகத்துக்குப் போய், அங்கிருந்து எல்லா நிலையங்களுக்கும் குடியிருப்புகளுக்கும் பரவும். ஒருவன் சாத்தினால் எல்லாக் கதவும் சாத்திக்கொள்ளும். திருப்பி அனுப்பும் அஞ்சலோடு மூன்று வரி போகும்: ஏற்கப்படவில்லை, காரணம் கறுப்புப் பட்டியல், தடுத்தவர் கோமதிநாயகம். பெயரைப் போடச் சொன்னது நான்தான். தடுக்கிறவன் முகத்தை மறைத்துக்கொள்ளக் கூடாது என்பது என் கொள்கை.

சொந்த அஞ்சல்: இல்லை. தங்கை ஆவுடையம்மாள் கலிஸ்டோ நிலவில், கரும்பாறைச் சுரங்கக் குடியிருப்பில் இருக்கிறாள். ஜூலையில் அவள் மகள் செண்பகத்துக்குக் கல்யாணம். தாலி கட்டுவதற்கு முன் தாய்மாமன் வாழ்த்து திரையில் ஓட வேண்டும். நான் அனுப்பவில்லை. அன்று எங்கோ ஒரு கருவி கெட்டுப்போய்க் குப்பையாகக் கொட்டியது. முப்பது மணி நேரம் வாசலில் நின்றேன், மறந்தே போயிற்று. ஆவுடையின் கடைசிக் கடிதம் இரண்டே வரி. "தாய்மாமன் இல்லாத கல்யாணம்னு ஊரே பேசிட்டு. இனி நீ எனக்கு எழுதாண்டாம், நானும் எழுத மாட்டேன்."

அவள் சொன்னால் சொன்னதுதான். ஏழு வாரமாகிறது.


செப்டம்பர் 3. பிற்பகல் 14:22

குப்பை அலை. மூலம் கரும்பாறை.

பதினொரு நிமிடத்தில் 1,904 அஞ்சல். 212 பெட்டிகளிலிருந்து. எல்லாவற்றிலும் ஒரே வாசகம், எழுத்துப் பிசகாமல் என்கிறது இயந்திரம். தலைப்பு: "அவசரம்!! உடனே படிக்கவும்! அனைவருக்கும் அனுப்பவும்!" பெறுநர்களாக அரசு அலுவலகங்கள், செய்தி நிறுவனங்கள், ஊரில் உள்ள சொந்தபந்தம், கண்ணில் பட்ட முகவரி எல்லாம். இதைவிடச் சுத்தமான குப்பையை என் பணிக்காலத்தில் பார்த்ததில்லை. இயந்திரம் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது மதிப்பெண் போட்டு, எல்லாவற்றையும் வாசலிலேயே நிறுத்தியது.

அவர்கள் சர்வரை எவனோ பிடித்துவிட்டான். பெட்டி பெட்டியாகத் தடுத்துக்கொண்டிருக்க முடியாது. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம். கரும்பாறையை முழுசாகப் பட்டியலில் சேர்த்தேன். நேரம் 14:19. தலைமையகத்துக்கும் அனுப்பியாயிற்று.

அங்கே மொத்தம் 260 பெட்டிகள். மீதி 48 பெட்டிகளிலிருந்து ஒன்றும் வரவில்லை. அவை யோக்கியமான பெட்டிகள் போலிருக்கிறது. பாவம், அவையும் சேர்ந்து அடைபடுகின்றன.

அபாய மணி அலைவரிசையையும் பார்த்தேன். அமைதி. நிஜமாகவே ஏதாவது என்றால் அதில்தானே அடிப்பார்கள்.

என் தங்கை இருக்கிற ஊர் என்பதால் சலுகை காட்டினேன் என்று நாளை யாரும் சொல்லக் கூடாது. அவர்களுடைய கணினிப் பொறுப்பாளர் சர்வரைச் சுத்தம் செய்துவிட்டு ஒரு விளக்கக் கடிதம் எழுதி அனுப்பட்டும். வந்ததும் திறந்துவிடுகிறேன்.


செப்டம்பர் 4. காலை 06:00

கரும்பாறையிலிருந்து மறுக்கப்பட்டவை: 9,412. தட்டிய பெட்டிகள்: 209.

விளக்கக் கடிதம் வரவில்லை. சோம்பேறிகள்.


செப்டம்பர் 5. காலை 06:00

மறுக்கப்பட்டவை: 7,730. பெட்டிகள்: 188.

தலைமையகத்திலிருந்து வந்த கடிதம்: "கரும்பாறைக் குடியிருப்பிலிருந்து பரவிய தேவையற்ற அஞ்சலைத் தாங்கள் துரிதமாகத் தடுத்தமை பாராட்டுக்குரியது. இச்செயல் ஏனைய நிலையங்களுக்கு முன்மாதிரியாகச் சுற்றறிக்கையில் சேர்க்கப்படும்."

பன்னிரண்டு வருடத்தில் முதல் பாராட்டு. இரண்டு முறை படித்தேன். சரி, மூன்று முறை.


செப்டம்பர் 6. காலை 06:00

மறுக்கப்பட்டவை: 3,051. பெட்டிகள்: 120.

குறைகிறது. பட்டியல் வேலை செய்கிறது. கதவு திறக்காது என்று தெரிந்தால் எந்தத் திருடனும் அடுத்த தெருவுக்குப் போய்விடுவான். இன்னும் இரண்டு நாளில் அடங்கிவிடும்.


செப்டம்பர் 7. காலை 11:05

பெட்டிகள்: 41.

ஏதோ சரியில்லை. ஒழுங்காக எழுதப் பார்க்கிறேன்.

மறுத்த அஞ்சலின் உள்ளடக்கம் என்னிடம் தங்காது. அனுப்பியவர், பெறுபவர், நேரம் மட்டும் பதிவாகும். வாரக் கணக்கு எடுப்பதற்காக அதைத் திறந்தேன். குப்பை அனுப்பும் இயந்திரம் தூங்காது. நொடி பிசகாமல் அனுப்பும். இவர்கள் இரவில் குறைத்து, விடிந்ததும் தொடங்குகிறார்கள். ஐந்தாம் தேதி மதியம் 13:40க்கு அறுபத்தெட்டுப் பெட்டிகள் ஒரேயடியாக நின்றிருக்கின்றன. அடுத்தடுத்த அறை எண்கள்.

மூன்றாம் தேதி மாலையிலிருந்து எல்லோரும் ஒரே முகவரிக்குத்தான் எழுதியிருக்கிறார்கள். குப்பை அனுப்புகிறவன் ஆயிரம் பேருக்கு எழுதுவான். ஒரே ஆளுக்கு எழுத மாட்டான்.

அந்த முகவரி என்னுடையது.

ஒரு பெட்டி மட்டும் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை, இரவு பகல் இல்லாமல், நான்கு நாளாகத் தட்டியிருக்கிறது. 264 முறை. 264 முறையும் என் பெயர் போட்ட மூன்று வரி திரும்பிப் போயிருக்கிறது.

அது ஆவுடையின் பெட்டி.


செப்டம்பர் 7. 11:40

தடையை எடுத்துவிட்டேன்.


செப்டம்பர் 7. 12:30

முதல் நாள் எல்லோரும் அனுப்பிய அந்த ஒரே வாசகத்தை இப்போதுதான் படித்தேன். அப்படியே எழுதுகிறேன்.

"ஐயா, இன்று காலை 9:50 மணியளவில் கரும்பாறைக் கிழக்கு வளைவின் கூரை பிளந்து காற்று முழுவதும் வெளியேறிவிட்டது. அங்கிருந்த நாற்பத்தெட்டுப் பேரும் இறந்துவிட்டனர். அபாய மணிக் கோபுரம் சாய்ந்துவிட்டது. மின்னஞ்சல் தவிர வேறு வழியில்லை. ஒருவர் எழுதினால் கவனியாமல் போகக்கூடும் என்பதால், ஊர்க்கூட்டத்தில் முடிவெடுத்து, இவ்வாசகத்தை ஒவ்வொருவரும் தத்தம் பெட்டியிலிருந்து அனுப்புகிறோம். உடனே கப்பல் அனுப்பி எங்களைக் காப்பாற்றவும்."

ஒருவர் கேட்டால் காதில் விழாது, ஊரே கூடிக் கேட்டால் விழும் என்று நினைத்திருக்கிறார்கள். நம் ஆட்கள் காலங்காலமாக மனு கொடுக்கிற முறை அதுதான். தாலுகா ஆபீசிலும் மந்திரி வீட்டு வாசலிலும் அப்படித்தான் நிற்போம். ஊர் கூடிக் கேட்டதாலேயே குப்பை என்று கணக்குப் போட்டவன் நான்.

அந்த 48 யோக்கியமான பெட்டிகள்.

பிறகு எழுதுகிறேன்.


செப்டம்பர் 7. 13:50

இன்னொரு தவறு செய்துவிட்டேன். முதலாவதைவிடப் பெரியது.

கதவைத் திறந்தபோது, வெளியே போகும் வரிசையை நிறுத்தி வைக்க மறந்தேன். முதல் நாள் பூமிக்கு எழுதித் திரும்பி, கரும்பாறைச் சர்வரில் நான்கு நாளாகத் தேங்கிக் கிடந்த அஞ்சல் 6,218. நான் திறந்த நொடியில் அவ்வளவும் என் நிலையத்துக்குள் பாய்ந்து, மறுபக்கம் பூமியை நோக்கி வெளியேறிவிட்டன. ஒரே வாசகம். ஒரே தலைப்பு. இப்போது அனுப்புகிற முகவரி என்னுடையது. பன்னிரண்டு நிமிடம் கழித்துத்தான் கவனித்தேன். ஒளி வேகத்தில் போனதை யார் துரத்திப் பிடிப்பது?

பயிற்சியில் முதல் வாரம் சொல்லிக்கொடுப்பார்கள்: குப்பையைக் கடத்துகிறவனும் குப்பைக்காரன்தான். நானே எத்தனை நிலையங்களுக்கு இந்தப் பாடத்தை நடத்தியிருக்கிறேன்.

12:05க்கு என் கையால், நிதானமாக, ஒரே ஒரு கடிதம் எழுதித் தலைமையகத்துக்கு அனுப்பினேன். கூரை பிளந்தது, 48 பேர் இறந்தார்கள், 41 பெட்டிகள் இன்னும் உயிரோடு, கப்பல் அனுப்புங்கள். பூமி போய்ச் சேர நாற்பது நிமிடம், பதில் வர நாற்பது. 13:26க்குத் திரும்பி வந்தது.

"ஏற்கப்படவில்லை. காரணம்: கறுப்புப் பட்டியல். தடுத்தவர்: தலைமையகம், தானியங்கிப் பிரிவு."

வெறும் மூன்று வரிதான். இது கையில் வந்து விழுந்தால் எப்படியிருக்கும் என்று இதுவரை எனக்குத் தெரியாது.


செப்டம்பர் 7. மாலை 18:15

முயன்றவை:

தலைமையகத்தின் பதினேழு முகவரிகள். மறுப்பு.

கானிமீட் நிலவின் கப்பல் துறை. அங்கே பழுதுபார்க்கும் கப்பல் ஒன்று நிற்கிறது. பட்டியல் அவர்களுக்கும் போய்விட்டது. மறுப்பு.

குரல் ரேடியோ. கப்பல் வந்து அணையும்போது பேசுவதற்கு வைத்தது. இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் போகாது. இருந்தாலும் ஒரு மணி நேரம் கத்தினேன்.

பட்டியலிலிருந்து பெயர் நீக்க மனு. விதிமுறையில் போட்டிருக்கிறது: "பாதிக்கப்பட்ட நிலையம் தன் முகவரியிலிருந்து மின்னஞ்சல் மூலம் மட்டுமே விண்ணப்பிக்க வேண்டும். பத்து வேலை நாட்களுக்குள் பரிசீலிக்கப்படும்." என் முகவரியிலிருந்து விண்ணப்பித்தேன். மறுப்பு.

முன்பெல்லாம் எந்தத் தடைக்கும் உட்படாத ஒரு பெட்டி எல்லாச் சர்வரிலும் இருக்கும். தடைபட்டவன் முறையிட ஒரு ஜன்னல் வேண்டும் என்று பழைய ஆட்கள் வைத்தது. அதில்தான் குப்பை அதிகம் விழுகிறது, மூடிவிடலாம் என்று மூன்று வருடத்துக்கு முன் தலைமையகத்துக்கு ஒன்பது பக்க அறிக்கை ஒன்று போயிற்று. எல்லா நிலையத்திலும் மூடினார்கள்.

அறிக்கை எழுதியவர் யாரென்று சொல்ல வேண்டியதில்லை.


செப்டம்பர் 7. இரவு 20:40

கரும்பாறைக்கு மட்டும் என் அஞ்சல் போகிறது. அவர்கள் நான்கு நாளாக அடைபட்டுக் கிடந்ததால் புதிய பட்டியல் அங்கே போய்ச் சேரவில்லை. என்னால் தடுக்கப்பட்டவர்கள் மட்டும்தான் என்னைத் தடுக்கவில்லை.

ஆவுடைக்கு எழுதினேன். மன்னிப்பு கேட்கிற தைரியம் வரவில்லை. யார் யார் இருக்கிறீர்கள், காற்று எவ்வளவு இருக்கிறது என்று மட்டும் கேட்டேன். அவள் பதில்:

"எண்ணே. வந்துட்டியா. மேக்க வளைவுல நாப்பத்தோரு பேரு இருக்கோம். வடக்க சுரங்கத்துல காத்து மிஷினு நின்னு போச்சு, அஞ்சாந்தேதி. அங்கிட்டு இருந்தவங்கள கொண்டாரதுக்குள்ள முக்காவாசிப் பேரு போய்ட்டாங்க. அடுத்த நாளு இங்கனயும் பாதிக்கு மேல போய்ட்டாங்க. செம்பகத்தப் பத்திக் கேக்காத. அவளும் மாப்பிள்ளையும் கெழக்கதான் குடி இருந்தாங்க."

செண்பகம் பிறந்தபோது அவள் நாக்கில் முதல் இனிப்பாகச் சேனை தொட்டு வைத்தது நான். அவள் கல்யாணத்துக்கு ஒரு நிமிடம் பேசி அனுப்ப எனக்கு நேரமில்லை. குப்பையைத் தடுத்துக்கொண்டிருந்தேன்.


செப்டம்பர் 8. காலை 07:30

தூங்கவில்லை. தலைமையகத்துக்கு 140 முறை அனுப்பினேன். ஒவ்வொரு முறை தட்டும்போதும் என் பெயருக்கு எதிரே மதிப்பெண் ஏறுகிறது என்று தெரியும். இப்படித் தட்டுகிறவர்களுக்குத் தடைக்காலத்தை நீட்டிக்க வேண்டும். அந்த விதியும் நம்முடையதுதான்.

ஆவுடையிடம் சொல்லிவிட்டேன். கதவைச் சாத்தியது நான்தான், வேண்டுமென்று செய்யவில்லை, ஆனால் படிக்காமல் செய்தேன் என்று எழுதினேன். அவள் பதில்:

"தெரியும்ணே. மொத நாளே எங்க கம்ப்யூட்டர்க்காரத் தம்பி சொல்லிட்டான். ஒங்க அண்ணன்தாம்க்கா சாத்திருக்காவ, பேரு போட்டு வருதுன்னான். எல்லாரும் என் மூஞ்சியப் பாத்தாங்க. எங்க அண்ணன் அப்படிச் செய்ய மாட்டான், வேற வேலையா இருப்பான், பாத்தா தொறந்துருவான்னு சொன்னேன். அதான் தட்டிக்கிட்டே இருந்தேன். நீ என்னமும் நெனச்சு ஒழப்பிக்காத. கப்பல் எப்ப வரும், அதச் சொல்லு."

இந்தப் பக்கத்தைக் கிழித்துப் போடலாம் என்று தோன்றியது. போடவில்லை. படிக்கிறவர் தெரிந்துகொள்ளட்டும். அவள் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.


செப்டம்பர் 8. பிற்பகல் 15:10

கரும்பாறையிலிருந்து ஒரு கேள்வி வந்திருக்கிறது. ஆவுடை எழுதியிருக்கிறாள், ஆனால் நாற்பத்தோரு பேரும் உட்கார்ந்து பேசி எழுதியது.

"எண்ணே, வெவரமா கேளு. இங்க மிச்சம் இருக்க கரண்டுல பாதிய இந்தச் சர்வரும் ஆண்டெனாவும் தின்னுது. இத ஓட்டுனா காத்து பன்னெண்டாந்தேதி வரைக்கும் வரும். அணைச்சுட்டா இன்னொரு காத்து மிஷின ஓட்டலாம், பதினேழு வரைக்கும் தாக்காட்டலாம். அணைச்சா மறுபடி போட முடியாதுன்னு தம்பி சொல்லுதான். ஒன் மூலமா பூமிக்குச் சேதி போயிட்டுன்னா நாங்க அணைச்சுருதோம். போவலன்னா அணைக்கக் கூடாது, இன்னும் வேற எவனுக்காச்சும் எழுதணும். நீ சொல்லு. நீ சொல்லுதபடி செய்யுதோம்."

போகவில்லை. அதுதான் உண்மை. உண்மையைச் சொன்னால் சர்வரை எரியவிட்டுக்கொண்டு, எல்லாக் கதவும் சாத்தியிருக்கிற தெருவில் பன்னிரண்டாம் தேதி வரை கத்திக்கொண்டிருப்பார்கள். பொய் சொன்னால் ஐந்து நாள் கூடுதலாக மூச்சு விடுவார்கள், வராத கப்பலுக்காக.

ஒரு மணி நேரத்துக்குள் சொல்கிறேன் என்று எழுதினேன்.


செப்டம்பர் 8. 15:55

யோசித்ததை எழுதி வைக்கிறேன். தவறு இருந்தால் பின்னால் வருகிறவர் திருத்திக்கொள்ளட்டும்.

நிலையம் ஐந்தில் என் நண்பர் அருளப்பன் மாரடைப்பில் இறந்துபோனார். தினசரி அறிக்கை ஏன் வரவில்லை என்று அவருக்குப் பதினெட்டு நாள் நினைவூட்டல் கடிதம் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். பத்தொன்பதாம் நாள் கவனிப்பாரில்லாமல் மின்கலன் நின்றது. நான்கு மணி நேரத்தில் கப்பல் கிளம்பிவிட்டது. மின்கலன் ஓடுகிறது என்று தலைமையகத்துக்குக் காட்டும் துடிப்பு அஞ்சல் வழியாகப் போவதில்லை. அது தனிக் கம்பி மாதிரி, தனி அலைவரிசை. எந்தப் பட்டியலும் அதை வடிகட்டாது. ஆள் செத்தால் கடிதம் போடுவார்கள். மின்கலன் செத்தால் கப்பல் விடுவார்கள்.

கானிமீட்டிலிருந்து இங்கே ஆறு நாள். இங்கிருந்து கரும்பாறைக்கு ஒரு நாள். நாளைக் காலை நின்றால் பதினைந்தாம் தேதி இங்கே. பதினாறாம் தேதி அங்கே. ஒரு நாள் மிச்சம் இருக்கிறது.

மின்கலனை ஒருமுறை நிறுத்தினால் ஒரு ஆளால் மறுபடி கிளப்ப முடியாது. அதற்குத்தான் பழுதுபார்க்கும் குழு வருகிறது. நின்றுவிட்டால் எனக்கு அறையில் மிஞ்சுகிற காற்று ஒரு நாள், விண் உடையில் முப்பத்தோரு மணி நேரம். குளிர் அதற்கு முன்பே வரலாம்.

வேறு வழி இருக்கிறதா என்று மூன்று முறை பார்த்தேன். பயமாக இருக்கிறது. ரொம்பப் பயமாக இருக்கிறது என்று எழுதுவதில் வெட்கமில்லை.


செப்டம்பர் 8. 16:20

ஆவுடைக்கு அனுப்பியது: "சேதி போய்விட்டது. கப்பல் கிளம்பியாயிற்று. பதினாறாம் தேதி வந்துவிடும். சர்வரை அணைத்துவிடுங்கள்."

அவள்:

"அப்பாடி. எல்லாரும் அழுதாங்கண்ணே, சந்தோசத்துல. இந்தா அணைச்சுருதோம். கப்பல்ல நீயும் வாரியா?"

"வருகிறேன்."

"வா. ஆனா நான் ஒன்கூடப் பேச மாட்டேன். கல்யாணத்துக்கு வராதவன்கூட என்ன பேச்சு. வந்து மொகத்த மட்டும் காட்டிட்டுப் போ."

16:31. கரும்பாறை அணைந்தது. தட்டுகிற பெட்டிகள்: 0.


செப்டம்பர் 9. காலை 09:00

இரவெல்லாம் யோசித்துச் செய்ய வேண்டிய வேலைகளைச் செய்தேன். கரும்பாறை மேற்கு வளைவின் வரைபடத்தை நுழைவுக் கதவில் ஒட்டினேன். உதிரிக் காற்றுக்கலன் ஆறையும் கதவோரம் அடுக்கினேன். கப்பல்காரர்கள் எடுத்துக்கொண்டு போகலாம். நான் இரண்டை வைத்துக்கொண்டால் இன்னும் நான்கு நாள் இருப்பேன். நாற்பத்தோரு பேருக்கு ஆறு கலன் எந்த மூலைக்கு என்றும் தோன்றியது. இருந்தாலும் தொடவில்லை.

கடைசியாகத் தலைமையகத்துக்கு ஒரு அஞ்சல். பழக்கதோஷம். பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

09:14. மின்கலனை நிறுத்தினேன். பன்னிரண்டு வருடமாகக் காதில் இருந்த அந்த ரீங்காரம் நின்றபோது, எனக்குக் காது போய்விட்டது என்று நினைத்தேன்.


செப்டம்பர் 9. மாலை, 18 மணி இருக்கும்

கைவிளக்கில் எழுதுகிறேன். சுவரில் பனி படர்கிறது.

கப்பல் கிளம்பியதா என்று தெரிந்துகொள்ள எந்த வழியும் இல்லை. ஒரு சத்தமும் இல்லை. எந்தச் சேதியும் வராமல், யாராவது கேட்டார்களா என்று தெரியாமல், இருட்டில் உட்கார்ந்திருப்பது. நான்கு நாள் அவர்களை இப்படித்தான் வைத்திருந்தேன்.

ஒரு நினைப்பு வந்து உறுத்துகிறது. இது பழுது என்று பதிந்துவிட்டு, நிலையம்தான் கறுப்புப் பட்டியலில் இருக்கிறதே, அவசரமில்லை, அடுத்த மாதம் பார்க்கலாம் என்று யாராவது ஒருவன் முடிவு செய்தால்? நான் அந்த நாற்காலியில் இருந்தால் அப்படித்தான் முடிவு செய்திருப்பேன்.

இல்லை. நாலு மணி நேரத்தில் கிளம்பினார்கள். கிளம்புவார்கள்.


செப்டம்பர் 10. நேரம் பார்க்க முடியவில்லை

உடைக்குள் வந்துவிட்டேன். கையுறையோடு எழுதுவதால் எழுத்து இப்படி. பேனா உறைந்துவிட்டது, இது பென்சில்.

பதிவேட்டின் அட்டையில் பெரிதாக எழுதினேன். அவசரம், உடனே படிக்கவும் என்று. எழுதிவிட்டுப் பார்த்தால் சிரிப்பு வந்தது. அதை யார் படிப்பார்கள்? நானே படிக்கவில்லையே. அடித்துவிட்டேன். பிறகு மறுபடி எழுதினேன். வேறு எப்படித்தான் எழுதுவது?

செண்பகத்துக்கான வாழ்த்தைச் சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். தலைக்கவசத்துக்குள் என் குரலே திரும்பி வந்தது. நன்றாக இரு, பிள்ளை. மாமா வந்திருக்கேன். அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை.


செப்டம்பர் 11 ஆக இருக்கலாம்

வருகிறவர்களுக்கு.

நீங்கள் பழுது பார்க்க வந்தவர்கள். மின்கலனில் பழுது இல்லை. நான் நிறுத்தினேன். அதற்கான தண்டனையை என் பெயரில் எழுதிக்கொள்ளுங்கள். இப்போது அதைத் தொட வேண்டாம். என்னையும் தொட வேண்டாம். நான் இங்கேயே இருப்பேன், அவசரமில்லை.

தலைமையகத்தைக் கேட்காதீர்கள். கேட்டால் கரும்பாறை கறுப்புப் பட்டியலில் இருக்கிறது, அங்கிருந்து வருவதை நம்பாதே என்று சொல்லும். அதைச் சொன்னது நான். என் கையெழுத்தில் இதோ சொல்கிறேன், அது தப்பு.

கலிஸ்டோ. கரும்பாறை. மேற்கு வளைவு. நாற்பத்தோரு பேர். கலன்கள் கதவோரம் இருக்கின்றன.

முதல் பக்கத்திலிருந்து பொறுமையாகப் படித்துக்கொண்டு வந்திருந்தால் நேரம் போயிருக்கும். அதற்கும் நான்தான்

இன்று என்ன தேதி. பாருங்கள். பதினேழு ஆகவில்லை என்றால் இதை மூடிவிட்டுக் கிளம்புங்கள்

ஆகியிருந்தாலும் போங்கள். என் தங்கை தட்டுவதை நிறுத்த மாட்டாள். உங்களுக்குக் கேட்காவிட்டாலும் உள்ளே தட்டிக்கொண்டுதான் இருப்பாள். யார் என்று கேட்க வேண்டாம் எதையும் சரிபார்க்க வேண்டாம் கதவைத் திற